ஒரு மணிக் கப்பல்

— காபி ஆறுது சம்பந்தி, குடிங்க. குடிச்சிட்டு நாலு மணிக் கப்பலைப் பிடிச்சு நீங்க தீவுக்குப் போங்க. நான் வரலை.

— மாப்பிள்ளையைப் பெத்தவங்க வரலைன்னு சனிக்கிழமை ஒரு கல்யாணம் நின்னாச்சு. அதே கல்யாணம் செவ்வாய்க்கிழமையும் நிக்கணுமா? நான் எந்திரிக்க மாட்டேன். இந்த நாற்காலியிலேயேதான் உக்காந்திருப்பேன்.

— உக்காருங்க, நாற்காலிக்கு வாடகையா கேட்கப்போறேன்? ஆனா நின்னதுக்கு நான் காரணமில்லை. காத்து அடிச்சுது, கப்பல் ஓடலை. இந்த ஸ்பாக்ஸ் துறைமுகமே பார்த்துச்சு. கெர்கென்னாத் தீவுல கல்யாணம் வைக்கணும்னு யாரு அழுதா? உங்க பொண்ணு எம்னா தலைநகர் தூனிஸ்ல பொறந்தவ, என் பையன் வஜ்தி ஸ்பாக்ஸ்காரன். நடுக்கடல்ல உங்களுக்கும் எங்களுக்கும் என்ன, மாமன் வீடா இருக்கு?

— கேளுங்க சம்பந்தி, அதுல நான் உங்க கட்சி. எம்னா போன்ல ஒரு படத்தைப் பார்த்தா. தென்னை மாதிரி ஒய்யாரமா வளைஞ்ச ஒரு பேரீச்ச மரம், அதுக்குக் கீழே கண்ணாடி மாதிரி தண்ணி. அவ்வளவுதான், கல்யாணம்னா இங்கேதான்னு நின்னுட்டா. ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். டீச்சருக்கு லீவு ஒரு வாரம்தாம்மா, அதுல பார்க்கப் போறதா கல்யாணம் பண்றதான்னு கேட்டா. போய் இறங்கினப்புறம்தான் தெரிஞ்சது, படம் ஜூலையில எடுத்தது. நாங்க போனது மார்ச். அதுவும் மத்தியானம், கடல் வத்திற நேரம். ஹோட்டல் வாசல்ல தண்ணியே இல்லை. ஒரு மைல் தூரத்துக்குச் சேறு, அதுல படகெல்லாம் ஒருக்களிச்சுப் படுத்துக் கிடக்கு. எம்னா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் கடலைத் தேடிப் போனா.

— கண்டுபிடிச்சாளா?

— சாயங்காலம் அதுவே திரும்பி வந்துச்சு, காத்தையும் கூட்டிக்கிட்டு. பந்தல் பிச்சுக்கிட்டுப் போய் மரத்து உச்சியில உக்காந்துச்சு. அறுபது பேரு வந்திருக்கோம், நாற்காலி இருக்கு, பூ இருக்கு, மேளக்காரங்க சிவப்பு உடுப்புல வந்து நிக்கிறாங்க. சோறு மட்டும் இல்லை. ஏன்னா சமையல்காரரு உங்க கூட, ஆட்டுக்கறி உங்க கூட, பலகாரம் உங்க கூட. மாப்பிள்ளையும், கல்யாணத்தை எழுதற நோட்டரி ரெண்டு பேரும்கூட உங்க கூடத்தான். எல்லா முட்டையையும் ஒரே கப்பல்ல ஏத்தக்கூடாதுன்னு யாருக்கும் தோணலை. ஹோட்டல்காரன், நான் ரூம்புக்குத்தான் ஒத்துக்கிட்டேன், அடுப்புக்கு இல்லைன்னு சொல்லிட்டான்.

— அப்புறம் என்னத்தைச் சாப்பிட்டீங்க?

— மேளம் அடிக்க வந்தவரோட பொண்டாட்டி ஊருக்குள்ள போய்ச் சொல்லியிருக்கா. பத்து வீட்டுலேர்ந்து சட்டி சட்டியா வந்துச்சு. ஆக்டோபஸ் போட்ட கூஸ்கூஸ், பார்லி ரொட்டி. முன்னப்பின்ன தெரியாதவங்க. எங்க ஆளுங்க கையலம்பக்கூட மறந்துட்டாங்க. எம்னா மட்டும் சாப்பிடலை. கல்யாண உடுப்போட படகுத்துறையிலேயே உக்காந்திருந்தா, பொழுது சாயற வரைக்கும். காத்து எப்போ நிக்கும்னு எல்லாரும் கேட்டாங்க. அவ அதைக் கேட்கலை. மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்களா, மாமியார் துறைமுகம் வந்துட்டாங்களான்னு வஜ்திக்குப் போன் மேல போன் போட்டா.

— பாவம்... எங்க பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? எண்பது பேரு, சுண்டுவிரல்ல மருதாணி வச்ச மாப்பிள்ளை, துறைமுகத்துல வரிசையா நிக்கிறோம். கப்பல் இல்லைன்னுட்டான். கறி கெட்டுப்போயிடும்னு சமையல்காரரு புலம்பறாரு. வஜ்திதான் சொன்னான், அண்டாவைத் திறங்கன்னு. லாரிக்காரன், டாக்ஸிக்காரன், சுங்க ஆபீஸ்காரன், மீன் ஏலம் போடறவன், அத்தனை பேரும் வந்து சாப்பிட்டு, பொண்ணு எங்கேன்னு கேட்டாங்க. இவன் கடலைக் கைகாட்டினான். ஒரு லாரிக்காரன் அழுதுட்டான் சம்பந்தி. பொண்ணு மூழ்கிப் போயிட்டான்னு நினைச்சிருக்கான். அதுக்கப்புறம் வஜ்தியைக் கட்டிப்பிடிச்சு அவன் சொன்ன ஆறுதலை நிறுத்தறதுக்குள்ள எங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு.

— இதை வஜ்தி சொல்லலையே எங்களுக்கு.

— அவன் எங்கே சொல்வான்? திங்கக்கிழமை விடியக்காலம் காத்து நின்னுச்சு. அம்மா கிளம்புன்னான். எனக்குத் தலை சுத்துதுன்னேன். முதல் கப்பல்ல அவன் தனியா ஓடிட்டான்.

— கேளுங்க சம்பந்தி. நானும் இன்னிக்கு மத்தியானம் வரும்போது துறைமுகத்துல டிக்கெட் கொடுக்கிறவர்கிட்ட நாலு வார்த்தை பேசினேன். சனிக்கிழமை கப்பலே போகலையாமேன்னு கேட்டேன். யாரு சொன்னான்னாரு. காத்து மூணு மணிக்குத்தான் கிளம்புச்சாம். ஒரு மணிக் கப்பல் சரியா ஒரு மணிக்குப் போச்சாம். பாதிக்கு மேல காலியாப் போச்சாம்.

— அவருக்கு வயசாயிடுச்சு.

— அவருக்கு முப்பது இருக்கும்.

— கூட்டம்னா கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்தானே? எண்பது பேரைக் கிளப்பறது என்ன, எண்பது கோழியைக் கூடையில அடைக்கிற மாதிரி.

— கோழியெல்லாம் பத்து மணிக்கே பஸ்ல உக்காந்தாச்சாம். வஜ்தி சொன்னான். முதல்ல நீங்க சாவியைத் தேடியிருக்கீங்க. கிடைச்சுது. அப்புறம் சாம்பிராணி டப்பாவுக்காகப் பாதி வழியிலேர்ந்து திரும்பியிருக்கீங்க. அப்புறம் பாதாம் பலகாரத்துல பன்னீர் வாசனை பத்தலைன்னு கடைக்கே போய்ச் சண்டை போட்டிருக்கீங்க. துறைமுகத்துக்கு வந்தப்போ மணி ஒண்ணு இருபது, கப்பலோட முதுகுதான் தெரிஞ்சுதாம். அவன் குறையாச் சொல்லலை. அம்மா கல்யாணப் பதட்டத்துல இருந்தாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். சிரிக்காம கேட்டது எம்னா மட்டும்தான்.

— அவ என்ன சொன்னா?

— விருட்டுன்னு எந்திரிச்சா. ரூம்புக்குள்ள போயிட்டா. எங்க வீட்டு ஆளுங்கதான் சொன்னாங்க. மாமியாருக்குத் தூனிஸ் பொண்ணு பிடிக்கலை, சமைக்கத் தெரியாத டீச்சரம்மா எதுக்குன்னு நிச்சயத்தன்னிக்கே சொன்னவங்கதானே, வேணும்னே கப்பலை விட்டுட்டாங்கன்னு. நான் அதை நம்பலை. நம்பக்கூடாதுன்னுதான் நேர்ல கேட்க வந்திருக்கேன். என் பொண்ணை உங்களுக்குப் பிடிக்கலையா சம்பந்தி?

— சமைக்கத் தெரியாதுன்னு சொன்னேன். அது உண்மை. அவ போட்ட ஹரிஸ்ஸா சட்னியை எங்க பூனைகூட மோந்துட்டுப் போயிடுச்சு. ஆனா வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்ணி, உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்பா. எந்த முட்டின்னு ஞாபகம் வச்சுக் கேட்பா. நான் பெத்தவனுக்கு எனக்கு முட்டி இருக்கிறதே தெரியாது. அவளைப் பிடிக்கலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்.

— அப்போ ஏன் கப்பலை விட்டீங்க?

— காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

— வேண்டாம்.

— கதவைச் சாத்திட்டு வரேன். வேலைக்காரி காதுல விழக்கூடாது.

— சாத்தியாச்சா? சொல்லுங்க.

— எங்கப்பா மீன் வியாபாரி. இந்தத் துறைமுகத்துல நாப்பது வருஷம் ஏலம் கேட்டவரு. ஆறு வயசுல என்னைப் படகுல உக்காத்தி வச்சாரு. கயித்தை அவுத்ததும் தரை என் காலுக்குக் கீழேர்ந்து நகர்ந்து போச்சு. நான் போட்ட சத்தத்துல ஏலம் நின்னுச்சு. மீன்காரர் பொண்ணுக்குக் கடல் பயம்னு ஊரே சிரிச்சுது. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே ஏறவும் மாட்டேன், ஏறாததுக்குக் காரணத்தை எவனுக்கும் சொல்லவும் மாட்டேன்னு. எனக்கு அறுபத்திரெண்டு வயசு சம்பந்தி. கெர்கென்னாவை என் மொட்டைமாடியிலேர்ந்து தவிர நான் பார்த்ததில்லை.

— உங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதா?

— அவரு மவுத்தாகற வரைக்கும் எனக்கு மீன் வாசனை ஆகாதுன்னு நம்பிக்கிட்டிருந்தாரு. ஸ்பாக்ஸ்ல இருந்துக்கிட்டு அதை நம்ப வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வஜ்தி வந்து தீவுல கல்யாணம்னு சொன்னப்போ, எப்படியும் மாத்திடுவாங்கன்னு இருந்தேன். நீங்களும் வேணாம்னுதானே சொன்னீங்க, நீங்க ஜெயிப்பீங்கன்னு உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருந்தேன். நீங்க தோத்துட்டீங்க.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி. எங்கே வைக்கலாம்னு பொண்ணும் பையனும் ஆறு மாசமா எல்லாரையும் கேட்டாங்களே. உங்களையும் கேட்டாங்களே.

— கேட்டாங்க. எனக்கென்ன, எங்கே வேணும்னாலும் வைங்கன்னேன். எவ்வளவு பெரிய மனசுன்னு எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது? சனிக்கிழமை அந்தக் கப்பலோட முதுகைப் பார்த்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. மூணு மணிக்குக் காத்து அடிச்சதும், என் மானத்தைக் காப்பாத்திட்டேன்னு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் பார்த்தா, அங்கே ஒரு பொண்ணு உடுப்போட துறையில உக்காந்திருக்கா. மூணு ராத்திரியா நான் தூங்கலை. போங்க, போய்க் கல்யாணத்தை முடிச்சிடுங்க. கிழவிக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. என்னைப் பிடிக்காதவன்னு மட்டும் அவ நினைக்கக்கூடாது, அதை மட்டும் எப்படியாவது சொல்லிடுங்க.

— நான் எதுக்குச் சொல்லணும், நீங்களே சொல்லுங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்த ஜன்னலைத் திறந்து பாருங்க சம்பந்தி. எம்னாவும் உங்க பையனும் மேளக்காரரும் அறுபது பேரும் நான் வந்த அதே கப்பல்லதான் வந்தாங்க, தெருமுனையில ரெண்டு பஸ்ஸுல உக்காந்திருக்காங்க. ‘அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா பஸ்ஸை அப்படியே தூனிஸுக்குத் திருப்பிடும்மா, வேற என்ன காரணமா இருந்தாலும் நான் இறங்கி அவங்க வீட்டுலேயே கல்யாணம் பண்ணிக்கிறேன்’னு சொல்லித்தான் அவ என்னை மேலே அனுப்பினா.