மேற்குச் சுவர்

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் துணி காயப் போடுவது சுலபம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் மேல்காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். துணி கிழக்கே பறக்கும், கொடியில் கிளிப் மட்டும் இறுக்கிப் போட வேண்டும். ஐயா, இந்த வழக்கில் காற்றைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

பழைய டியூப்லைட்டை உடைத்துப் பாதரசம் எடுக்கும் ஆலை சூலூரில் தம்பிதுரைக்கு இருக்கிறது. என் கணவர் சரவணன் அங்கே ஆறு வருடம் உடைத்தார். கை நடுங்கிச் சோறு பிசைய முடியாமல் போனது. பத்துப் பேர் முன்னால் தம்பிதுரை சொன்னார்: "தண்ணியப் போட்டா கை ஆடத்தானுங்க செய்யும்."

சரவணன் குடித்ததில்லை. ஆனால் அதன் பிறகு என் அப்பாகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சை முகர்ந்து பார்த்தார். அடுத்த பங்குனியில் சரவணன் கிணற்றில் கிடந்தார். மாலையோடு வந்த தம்பிதுரை செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அதனால்தான், காற்றுப் பரிசோதனைக்கு நான் வேலை பார்க்கும் லேபைக் கூப்பிட்டபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாப்பாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு பிரசவத்துக்கு இங்க கூட்டியாரோணும். காத்துல பாதரசம் இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க அம்மணி. இருந்தா மருமகன் ஊட்லயே உட்டுர்றேன்."

தொழிலாளிகளுக்காக ஒரு நாளும் அளக்காதவர்.

ஆலைக்குக் கிழக்கே அவர் வீடு. நான் கருவியை ஆலையின் மேற்குச் சுவரில், வெளிப்பக்கம் மாட்டினேன். மூன்று நாள் கணவாய்க் காற்று அதன் மேல் சுத்தமாக வீசி, ஆலையின் ஆவியைக் கிழக்கே வீட்டுப் பக்கம் கொண்டுபோனது. வந்த எண்களை அப்படியே எழுதினேன். ஒரு எண்ணையும் மாற்றவில்லை.

போனில் நான் சொன்ன முடிவை நம்பி, வளைகாப்பு முடிந்ததும் அவர் மகள் பூஜிதா வந்தாள். ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போன எனக்கு மோர் கொண்டுவந்து நீட்டினாள். கை நிறைய வளையல்.

"ஏனுங்கக்கா, காத்து நல்லாத்தானுங்களே இருக்குது?"

"மெசின் பொய் சொல்லாது கண்ணு."

பிரசவமாகி ஐந்து மாதம் அந்த வீட்டின் கிழக்கு அறையிலேயே இருந்தாள். பேரனுக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. பிறகு நடுக்கம். போன வாரம் தம்பிதுரை போனில் அழுதார்.

"டாக்டருங்க பாதரசம்ங்கறாங்க. உங்க ரிப்போர்ட்ல இல்லீங்களே. புள்ளைக்குக் கை நடுங்குதுங்க."

"குடிக்கிறானுங்களா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் நான் யார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சரவணன் படத்துக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஒரு நாள் அந்தக் கிழக்கு அறை ஜன்னலிலும் ஒரு கருவி வைத்திருந்தேன். மேற்குச் சுவரில் வந்ததைப் போலப் பதினான்கு மடங்கு. மோர் குடித்தபோது அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது.

பூஜிதாவைப் பார்த்தால் சொல்லுங்கள், ஐயா. அவள் மேலோ குழந்தை மேலோ எனக்கு ஒரு கோபமும் இல்லை.