ஆறாவது தாள்

ராயபுரத்தில் காகிதத்தைக் காப்பாற்றுவது சிரமம். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஒரு மழைக்காலம் போதும், நல்ல தாளிலும் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். பூச்சி வேறு. நீங்கள் கேட்டது செருப்பைப் பற்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் காகிதத்திலிருந்து தொடங்கினால்தான் நான் அதற்கு வர முடியும். நான் பயந்த ஆள்.

என் பெயர் ஆசீர்வாதம். தண்டையார்பேட்டையில் ஒரு தானியக் கிடங்கில் பூச்சிக்குப் புகை போடும் வேலைக்கு மேற்பார்வையாளர். துறைமுகத்திலிருந்து வரும் கோதுமையில் வண்டு இருக்கும். ஆட்களை வெளியேற்றி, மருந்தை உள்ளே வைத்து, கதவை மூடுவோம். இடுக்குகளில் மைதாப் பசை தடவிய காகிதத்தை ஒட்டுவோம். மறுநாள் மாலை வரை யாரும் திறக்கக் கூடாது.

பதினோரு வருடத்தில் ஒரு பிழை நேரவில்லை. அதற்குக் காரணம் செருப்பு. எங்கள் சுமை ஆட்கள் தானிய மூட்டையைச் செருப்புக் காலால் மிதிக்க மாட்டார்கள். வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை.

1949இல், ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவில் ஏலம் நடந்தது. அங்கேதான் அந்தப் பெண்களை முதலில் பார்த்தேன். பாரிசில் மேடையில் நுனிக்காலில் ஆடுகிறவர்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசித் தாளில் எடுத்த படங்கள். ஏலக்காரர் லூயிஸ் விவரம் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் முப்பது தாள்தானாம். முப்பது முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறிப் பாழாக்கிவிடுவார்களாம். உலகம் முழுவதற்கும் முப்பதே பேர்.

ஐந்து தாள்கள் வாங்கினேன். ஐந்திலும் ஓரத்தில் பென்சிலால் 4/30, அதாவது முப்பதில் நான்காவது தாள். கூட இருந்த பட்டியலில் ஆறு படங்கள். ஆறாவது, குனிந்து காலணியின் நாடாவைக் கட்டுகிறவள். அவளைக் காணவில்லை. நான்கு வருடம் தேடினேன்.

கடைசியில் எங்கள் மேஸ்திரி அத்தாவுல்லாவின் வீட்டில் இருந்தாள். அன்று பங்களாச் சாமான்களை வண்டியில் ஏற்றியவர் அவர்தான். கண்ணாடி உடைந்த படத்தை யாரும் கேட்காததால் மகளுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அடுப்புக்கு மேலே, தாளிலேயே ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். 4/30. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் வாரம் ஒருமுறை போனேன்.

"இன்னா வாத்தியாரே, என்னப் பாக்க வர்றியா, அந்த பொம்மையப் பாக்க வர்றியா?" என்று சிரிப்பார்.

படத்தைக் கேட்டேன். பதிலுக்கு என் சுவர்க் கடிகாரத்தைத் தருகிறேன் என்றேன்.

"என்னுதா இருந்தா இப்பவே எடுத்துக்கினு போன்னுவேன். சாபிராவுது. அவளக் கேளு."

சாபிராவுக்கு ஒன்பது வயது. "குடுக்க மாட்டேன் மாமு. பெருநாளைக்கு கலர் அடிக்கப் போறேன். பாவம், வெள்ளையா கீது."

"அடி, நல்லா சேப்பா அடி," என்றார் அத்தாவுல்லா. "வாத்தியாரு மூஞ்சிக்கும் கொஞ்சம் அடி. அதுவும் வெளுத்துப் போச்சு பாரு."

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம் கோதுமைக்குப் புகை போட வேண்டியிருந்தது. நோன்பு நாட்களில் அத்தாவுல்லா பின்வரிசை மூட்டைகளின் மேல் சற்றுப் படுப்பார். எனக்குத் தெரியும். ஆட்கள் போன பிறகு வாசலில் ஒரு ஜோடி மிச்சமிருந்தது. டயர் அடி, சிவப்பு வார். அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவு விழுந்த வீட்டில் பெருநாளுக்குக் கலர் அடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

செருப்பை எடுத்து என் பையில் வைத்தேன். மறுபடி வாசலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. விதிப்படி மருந்தை வைத்துக் கதவை மூடினேன்.

உள்ளேயிருந்து தட்டினார். "வாத்தியாரே, நான் உள்ள கீறேன்." குரலில் கோபம் இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். திறந்திருக்கலாம். ஆனால் திறந்தால் புகை வெளியே வரும். தெருவில் ஆட்கள் இருந்தார்கள், அதையும் பார்க்க வேண்டும். காகிதத்தை ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டினேன். மறுநாள் வந்தபோது நீங்களே பார்த்தீர்கள்.

அன்று மாலை அவர் மனைவி ரசூல் பீவி தேடிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பு இல்லையே, போயிருப்பார் என்றேன். ஆட்களும் ஆமாம் என்றார்கள்.

பெருநாள் மாலையில் கதவைத் திறந்தோம்.

நாற்பது நாள் பொறுத்துத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். நான் கேட்கவில்லை. ரசூல் பீவியே ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தாள். "எடுத்துக்கினு போண்ணா. அவரே இல்லாத வூட்ல படம் இன்னாத்துக்கு."

வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாவாடை வெள்ளையாகவே இருந்தது. காலணிகள் மட்டும் சிவப்பு.

"அன்னிக்கு காலைல, அத்தா வேலைக்குப் போறதுக்குள்ள அடிச்சேன் மாமு," என்றாள் சாபிரா. "அத்தா செருப்பு மாதிரியே. அது எங்க போச்சு மாமு?"

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள்.

ஈரத்துக்கும் பூச்சிக்கும் நான் இப்போது அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவள் இன்னும் குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் முடிச்சு முடியப்போகிறது என்று தோன்றுகிறது. முடிந்தால் எழுந்து நடப்பாள். அதனால் அலமாரியில் அவளை முகம் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

செருப்பும் அங்கேதான் இருக்கிறது. கிடைத்த பொருளைத் தூக்கி எறிய எனக்குக் கை வராது. மெல்லிய தாளில் சுற்றி, அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். கெட்டுப்போகவில்லை.

அத்தாவுல்லாவைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் என் வீட்டுக்குப் போகும்போது ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அலமாரியைத் திறந்தால் உடனே மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளிக்காற்று ஆகாது.