பூனையக்கா

நான் தொடர் நாடகம் பார்க்கிற ஆளே இல்லை, ஐயா. என் மனைவிக்குத் துணையாகத்தான் உட்கார்ந்தேன். அந்த நாடகத்தில், விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் ஒருவனும் ஒருத்தியும். அவர்களுக்குள் இருப்பது காதலா, வெறும் நட்பா என்று கைபேசிக் குழுவில் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். என் மனைவி காதல் கட்சி. வீட்டில் வாய் திறக்காதவள், அங்கே வெளுத்து வாங்குவாள்.

அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. அடுத்த அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவள் தூங்கும்போது அவள் கைபேசியை எடுத்து, குழுவில் எழுதியதைப் படிக்கப் படிக்க, அவனைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று தோன்றியது. நேரில் கேட்டால் பொய் சொல்வாள். அதனால் ஒரு பூனைப் படத்தைப் போட்டு, ‘பூனையக்கா’ என்று நானும் குழுவில் சேர்ந்தேன். நட்புக் கட்சி.

“டீ வாங்கிக் கொடுத்தா காதலா?” என்று கேட்டேன்.

“டீ இல்லக்கா. அவ பேசி முடிக்கிற வரைக்கும் அவன் குறுக்க பேச மாட்டான். அது போதும்.”

மூன்று மாதம் வாதாடினோம். சிநேகிதிகள் ஆனோம்.

ஒரு திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை. அன்று மாலை பூனையக்காவுக்குத் தனியாக எழுதினாள்: “எக்ஸ்ரே அண்ணன் வேற ஊர்ல வேலை பார்த்துக் கொடுத்தார்க்கா. காதல் கீதல் ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரர் சாவி போடுற சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவேன். ஓடி வந்துட்டேன். சர்டிபிகேட் எல்லாம் அங்கயே மாட்டிக்கிச்சு.”

எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். “தெரிஞ்சா உங்களுக்கும் ஆபத்துக்கா” என்றாள்.

“காலைல போய் எடுத்துக்கோ. அவர் வேலைக்குப் போயிருப்பார். நான் போன்ல மெசேஜ் போட்டுக்கிட்டே கூட இருக்கேன்” என்றேன்.

மறுநாள் லீவு போட்டேன். கைபேசியை ஓசையில்லாமல் வைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு வந்தாள்.

“கதவைத் திறந்துட்டேன்க்கா. பயமா இருக்கு.”

“உள்ள போ.”

“யாரும் இல்லக்கா.”

“தாழ் போட்டுக்கோ. அப்பதான் யாரும் வர முடியாது.”

தாழ் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தேன்.  அவள் என் கையிலிருந்த கைபேசியில் தெரிந்த பூனையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் இருக்கும் தடம் என் விரல்களுடையது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

எக்ஸ்ரேக்காரனை விசாரித்தீர்களாம். அவனுக்கு என்ன தெரியும், ஐயா? மனதில் இருப்பதையெல்லாம் அவள் என்னிடம்தான் சொன்னாள்.