நீலத்தில் இருக்கும் பாம்பு

உங்க அறையில காத்து ரொம்ப வறண்டு கிடக்கு டாக்டர். பாருங்க, உங்க உதடே வெடிச்சிருக்கு. கீழே ஹீட்டர் மெஷினோட ஈரம் குடுக்கிற பெட்டி ஒண்ணு இருக்கும், அதுல பஞ்சு அடைச்சிருக்கும். மாத்தினா சரியாயிடும். இந்த ஆர்போர்க் ஊர்ப் பக்கம் ரொம்ப வருஷமா நான் பாக்கிற பிழைப்பே அதுதான். பனி விழ ஆரம்பிச்சா இங்க வீட்டுக்குள்ள மனுஷன் தோலே கருவாடா காய்ஞ்சு போகும், பாம்புத் தோல் எந்த மூலைக்கு.

அக்காவை வெளிய உக்கார வச்சிட்டு என்னை மட்டும் உள்ள கூப்பிட்டப்பவே புரிஞ்சுபோச்சு. அந்தச் சின்ன உருண்டையை மேசைமேல வச்சு, "இது எப்படிப் பாம்பு வாய்க்குள்ள வந்துச்சு, வல்டி?"ன்னு கேட்டீங்க. புதுச் செருப்புப் பெட்டிக்குள்ள சின்னப் பொட்டலம் போட்டிருப்பாங்களே, ஈரம் உறிஞ்சுறதுக்கு, அதுல உள்ளது. எனக்கு வர்ற மெஷின் பாகங்களோடயும் வரும். பாம்பு இருக்கிற தொட்டியில வச்சது நான்தான். ஒரு பொட்டலம் கிழிஞ்சிருக்கும் போல.

முதல் தடவை சட்டை சரியா உரியாதப்போ நான் ஒண்ணும் செய்யல, அதை நீங்க நம்பணும். சிக்னி அக்கா, புருஷன் போனப்புறம் அவர் வளர்த்த இந்தக் கார்ட்டர் பாம்பைக் கண்ணாடித் தொட்டியோட தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. பேரு ரிப்பன். கொஞ்ச நாள்தான்டா, அப்புறம் சாஸ்கட்டூன்ல மககிட்டப் போயிடுவேன்னு சொல்லித்தான் வந்தா. மக லோவா அப்போ வாயும் வயிறுமா இருந்தா.

கிளம்ப வேண்டிய அன்னைக்குக் காலையில அக்கா தொட்டியை எட்டிப் பாத்துட்டு, "டேய் வல்டி, பெட்டியை இறக்கு. இவ நீலத்துல இருக்கா"ன்னா. உங்களுக்குத் தெரியாததா. சட்டை உரிக்கப்போற பாம்புக்குக் கண்ணு பால்படிஞ்ச நீலமா மங்கிடும், அதைத்தான் அப்படிச் சொல்றது. நீலத்துல இருக்கிறதைத் தொடக்கூடாது, இடம் மாத்தக்கூடாது. அது அவ புருஷன் சொல்லிக் குடுத்த சட்டம். அந்த மனுஷன் உயிரோட இருந்தப்போ அவர் சொல்லை இவ ஒருநாளும் கேட்டதில்ல, செத்தப்புறம் ஒரு சொல் மீறல.

அந்தத் தடவை சட்டை துண்டுதுண்டாத்தான் வந்துச்சு. என் வீட்டு வறட்சி. பாம்பை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, ஈரப் பாசி வச்சு, அக்கா இன்னும் கொஞ்ச நாள் தங்கினா. அந்த நாளெல்லாம் நான் வேலை முடிஞ்சு வந்தா அடுப்புல மீன் பொரியுது. யாரோ எனக்காக, "பூட்ஸைக் கழட்டுடா மாடு, தரையெல்லாம் பனி"ன்னு கத்தறாங்க. எனக்குக் கல்யாணம் ஆகல டாக்டர். என்னை வையறதுக்குக்கூட அந்த வீட்டுல ஆள் இருந்ததில்ல.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நான் செஞ்சது. கீழே இறங்கி ஈரம் குடுக்கிற பெட்டிக்குப் போற தண்ணிக் குழாயை அடைச்சேன். அவ கடைக்குப் போற நேரம் பாசியைப் பிழிஞ்சு, அடியில பொட்டலங்களை வச்சு, மேல மட்டும் தண்ணி தெளிச்சேன். தொட்டுப் பாத்தா ஈரமாத்தான் இருக்கும். அடியில ஒண்ணும் இருக்காது. பாம்பு ஈரம் தேடி அதுக்குள்ளதான் போய்ச் சுருண்டுக்கும். அதைப் பாக்க எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஒவ்வொரு தடவையும் பழைய தோல் மேல பழைய தோல் தங்கிச்சு. வாலைச் சுத்தி வளையமா இறுகி, நுனி கறுத்து உதிர்ந்துபோச்சு. அக்கா அதைக் கைக்குட்டையில வச்சு அழுதா. அந்தச் சமயத்துலதான் லோவாவுக்கு இடுப்பு வலி எடுத்துச்சு. "நீ பாத்துக்கடா, நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்"னு அக்கா கெஞ்சினா. என் கையில இது செத்தா ஆயுசுக்கும் என்னை நீ மன்னிக்க மாட்டேன்னு சொன்னேன். அவ கோட்டைக் கழட்டிட்டா. குழந்தை பொறந்துச்சு. லோவா போன்ல, "உனக்குப் பேத்தியைவிடப் பாம்பு பெருசாப் போச்சில்லம்மா"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு போன் பண்றதே இல்ல.

அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். வெக்கமா இருக்கு டாக்டர். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, அன்னைக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. வெக்கத்தோடயே போய்ப் பாசியைப் பிழிஞ்சேன்.

கண்ணு விஷயத்துக்கு வரேன். கண்ணு மேல மூடியிருக்கிற தோல் கழலாம அடுக்கடுக்காத் தங்கிடுச்சு. உங்ககிட்டக் கொண்டு வரணும்னா அக்கா. இந்த நிலைமையில வண்டியில குலுக்கிட்டுப் போகப்போறியான்னு கேட்டேன். ஒட்டுற டேப்பை வச்சு அழுத்தி இழுத்தா வந்துடும், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்கன்னேன். நான் அதைப் படிச்சது உண்மை. அப்படி ஒருநாளும் செய்யக்கூடாதுன்னு போட்டிருந்த இடத்துலதான் படிச்சேன். அக்காதான் டேப்பை ஒட்டி இழுத்தா. பாம்பை நான்தான் பிடிச்சுக்கிட்டேன். தோலோட ஒரு கண்ணும் கிழிஞ்சுது.

இப்போ வெளிய உக்காந்து, என் கையாலயே குருடாக்கிட்டேனேன்னு புலம்பிட்டு இருக்கா பாருங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. வழியெல்லாம் வண்டியில, "நீ நல்லதுக்குத்தான்டா சொன்னே, நான்தான் பாவி"ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தா. நான் ரோட்டைப் பாத்து ஓட்டிட்டு வந்தேன்.

அவகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க சொல்ல வேணாம், அது முறையில்ல. இன்னைக்கு வேணாம், அவ ஒடிஞ்சு போயிருக்கா. மனசு கொஞ்சம் தேறட்டும். குழாயைத் திறந்துடறேன், பொட்டலத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடறேன். ஒத்தைக் கண்ணு பாம்பை அவ்வளவு தூரம் வண்டியில கொண்டுபோறது எப்படியும் நல்லதில்ல, பழகின இடம்தான் அதுக்குப் பத்திரம்னு நீங்களே அவகிட்டச் சொன்னா அவ கேட்டுப்பா. உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கண்ணு போனாலும் சட்டை எப்பவும் போல உரிக்கும்தானே, டாக்டர்?