திரும்பி வரக்கூடாத ராக்கெட்

இல்ல சார், அந்த டப்பாவை உள்ளயே வைங்க. 'ஏ' எழுத்து போட்ட ராக்கெட் மோட்டாரெல்லாம் நமக்கு வேலைக்காகாது. அதை நம்பித்தான் என் முதல் ராக்கெட் மானம் போச்சு. பசையை அள்ளி அள்ளிப் பூசுனதுல உடம்பு கனத்துப்போச்சு. புஸ்ஸுன்னு ஆள் உயரத்துக்கு எழும்புச்சு, கொஞ்சம் யோசிச்சுச்சு, அப்படியே படுத்துருச்சு. கீழ விழுந்து கிடக்கறப்போ சாவகாசமா பாராசூட் விரியுது. ராக்கெட் கிளப்ல ஒருத்தர் பாக்கியில்லாம சிரிச்சாங்க.

சரி போன்னு அடுத்த ராக்கெட்டுக்கு 'சி' மோட்டார் போட்டேன். ஒரு எழுத்து தாண்டுனா சக்தி ரெண்டு மடங்காகும்னு யாராவது சொன்னீங்களா? சொன்னீங்களா? அப்ப நான் காதுல வாங்கல. அது வெறும் அட்டை, ஊதுனாலே பறக்கும். போச்சு பாருங்க, போனது போனதுதான். அண்ணாந்து பாத்துக் கழுத்து பிடிச்சதுதான் மிச்சம். அதுலேர்ந்து எனக்கு வழியனுப்பின்னே பேரு வச்சுட்டாங்க.

இப்போ படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன் சார். மோட்டார் மேல போட்டிருக்கற எழுத்து, மொத்த சக்தி. பக்கத்து எண், தள்ளுற பலம். கோடு போட்டுக் கடைசியா ஒரு எண் இருக்கே, அது எரிஞ்சு முடிஞ்சு எத்தனை செகண்டுல பாராசூட்டை வெளிய தள்ளும்னு. சரிதானே? அப்பாடா, தலையாட்டிட்டீங்க.

அதனால 'டி' மோட்டார் குடுங்க. உச்சிக்குப் போனதும் விரியற மாதிரி பாத்துக் குடுங்க. முந்தி விரிஞ்சா கிழிஞ்சுரும், பிந்தி விரிஞ்சா யார் மண்டையாவது பொளந்துரும். நான் அவ்ளோ கெட்டவன் இல்ல. பாராசூட் மட்டும் கடையில இருக்கறதுலயே பெருசா எடுங்க. தெரியும் சார், அவ்ளோ பெருசு போட்டா காத்து அள்ளிட்டுப் போயிரும். தெரிஞ்சுதான் கேக்கறேன். இது திரும்பி வரக்கூடாது. வந்துச்சு, நான் வீட்டுல இருக்க முடியாது.

ஏன்னு கேக்காதீங்க, கனம் கேளுங்க, சொல்றேன். ராக்கெட் மூக்குக்குள்ள ஒரு எலுமிச்சம்பழ கனத்துக்கு ஒரு சாமான். பித்தளை. ஐயோ, வெடியெல்லாம் இல்ல சார், சத்தியமா. பஞ்சு சுத்தித்தான் வைப்பேன்.

சரி, நீங்க விடமாட்டீங்க போல. என் சம்சாரத்தோட அண்ணன் ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தாரு. மாசக்கணக்காச்சு. தங்கமான மனுஷன், பாத்திரம்கூடக் கழுவி வச்சுருவாரு. திடீர்னு ட்ரம்பெட் ஊதக் கத்துக்கறேன்னு கிளம்பிட்டாரு. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சாருன்னா, மாட்டை மாடிப்படியில இழுக்கற மாதிரி ஒரு சத்தம். சொல்லிப் பாத்தேன். எங்க அண்ணனுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்னு இவ கண்ணைக் கசக்குறா. நான் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? போன வாரம் மேனேஜர் பேசிட்டிருக்கறப்போ அவர் தோள்லயே சாஞ்சுட்டேன். அவரு தட்டிக்கூட குடுத்தாரு, அது வேற கதை.

ஆமா சார், இந்தா இதுதான் அது. ட்ரம்பெட்ல வாய் வச்சு ஊதுற முனை. இது இல்லாம அது வெறும் குழாய்.

சீக்கிரம் பில் போடுங்க, வெளிய வண்டியில மச்சான் காத்துட்டிருக்காரு. காலையிலேர்ந்து இதைத் தேடித் தேடி முகமே வாடிப்போச்சு, பாவம். பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதான், ராக்கெட் விடப் போறோம், வாங்க, பட்டனை நீங்களே அமுக்குங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.