யானைக்கு வந்த டாக்டர்

சாத்தம் படகுத்துறையில், எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் ஏறினேன். எதிர்ப் பலகையில் ஒரு கால்நடை டாக்டர். முந்தின நாள்தான் மெட்ராஸ் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியிருக்கிறார். காட்டில் மரம் இழுக்கும் யானை ஒன்று விழுந்து கிடக்கிறதாம். அவரை அழைத்துப் போக அந்த யானைப்பாகனின் மனைவி வந்திருந்தாள். இதெல்லாம் அவர்கள் பேச்சில் தெரிந்துகொண்டது.

"டாக்டர் சாப், மனுசன் காலையும் பார்ப்பீங்களா?" என்றாள் அவள், திடீரென்று.

"யார் காலை?"

"எங்க வீட்டுக்காரர் காலைத்தான். யானை விழுந்தப்ப மரம் உருண்டு அடிச்சிருச்சு. வீங்கிக் கறுத்துப்போச்சு."

படகுக்காரன் சிரித்தான். "யானை டாக்டருக்கு அதெல்லாம் கொசுக்கால்."

"நீ சும்மா இருப்பா. யானைக்குன்னா மெயின்லேண்டுல இருந்து கடல் தாண்டி டாக்டர் வர்றாரு. இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கு இந்தத் தண்ணியத் தாண்ட மாட்டேங்குறாரு. ஜல்தி போகலேன்னா காலை எடுக்கணும்னு கம்பவுண்டர் சொல்லிட்டார்."

"ஏன் வரலையாம்?"

"அவரைத் தவிர வேற யார் கொடுத்தாலும் யானை தண்ணி குடிக்காதாம். பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்திருக்காரு."

டாக்டர் மருந்துப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சரிம்மா. போனதும் முதல்ல அவர் காலைப் பார்க்குறேன்."

"ஐயோ, வேணாம் சாப். முதல்ல யானையை எழுப்புங்க. அது எழுந்து நின்னாத்தான் அவரு இந்தப் படகுல ஏறுவாரு."