ஒன்பதாம் எண் கண்ணாடி

வீட்டை விற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான் ஐயா. வீட்டோடு எது போகிறது, எது போகவில்லை என்று ஒரு பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.

எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. வாங்கியவரே கைப்பட எழுதினார். மின்விசிறி ஐந்து, அழைப்பு மணி ஒன்று, மாடி பால்கனியின் இரும்புக் கைப்பிடி ஒன்று என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது, மாடி அறைக் கண்ணாடி. இதில் இல்லாதது எதுவானாலும் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி. அதுவும் அவர் எழுதியதுதான்.

அவர் கணக்கு வாத்தியார். நான் கிரில் பட்டறைக்காரன். பால்கனிக் கைப்பிடி என் கையால் செய்தது. வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்காவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவர். "யானை சாஞ்சாலும் அசையாது சார்" என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

ஒப்பந்தம் போட்ட பிறகுதான் என் மனைவிக்கு நோய் முற்றியது தெரிந்தது. மூன்று மாதம் என்றார் டாக்டர். மாடி அறையில் படுத்தபடி தெருவைப் பார்ப்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு. "இந்த வீட்டுலயே கண்ண மூடிடறேனே" என்றாள். முப்பது வருடத்தில் எதையும் அவள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இதை மூன்று தடவை கேட்டாள்.

தேதியை நான்கு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி வாத்தியாரிடம் போனேன்.

"நான் இருக்கிற வீட்டக் காலி பண்றேன்னு சொல்லிட்டேனே சார். நான் எங்க போறது? ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தானே."

மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தேதி தவறினால் கோர்ட். நான் தவறவில்லை. சொன்ன நாளில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்தேன். அன்றே அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

வாடகைக்குப் பிடித்த அறையில் கட்டில் போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஜன்னல் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணுக்கு எதிரே வெறும் சுவர். அதனால்தான் சாவி கொடுக்கும் முன்பே மாடிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து அந்தச் சுவரில் மாட்டினேன். அதில் தெரு தெரிந்தது. "பஸ்ஸெல்லாம் தப்பான பக்கம் போகுதுங்க" என்று அவள் சிரித்தாள். அது பட்டியலில் இருப்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது நோட்டீஸ் மூன்றாம் வாரம் வந்தது. ஒன்பதாம் எண் பொருளைக் காணவில்லை, ஒப்படைக்கவும். எதற்காக எடுத்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே கண்ணாடியைக் கழற்றி, முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பிச் சாத்தி வைத்தேன். அடுத்தவர் சொத்து எனக்கு எதற்கு? அவள் ஆறு நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்து, போய்ச் சேர்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து, கண்ணாடியோடும் பட்டறைப் பையோடும் அந்த வீட்டுக்குப் போனேன். வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணே. அக்கா போனதே நேத்துதான் தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. "கண்ணாடி வேணாம், விட்டுடுங்கன்னு நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பட்டியல்னா பட்டியல்தான்."

நல்ல பெண்மணி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கண்ணாடியை மாட்டும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பால்கனியில் வெயில் நன்றாக விழுகிறதாம். காலையில் பத்து மணிக்குத் துணி காயப்போட வருவாராம். வெளிக்கொடி எட்டாததால், கைப்பிடியில் வயிறு பதியச் சாய்ந்து எக்கித்தான் போட வேண்டியிருக்கிறதாம். பிறகு எனக்கு டீ போடக் கீழே போனார்.

அந்தக் கைப்பிடியைச் சுவரோடு பிடித்திருந்தவை எட்டு போல்ட். எட்டும் பட்டியலில் இல்லை. எட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டைகளை மெழுகால் அடைத்துக் கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்தேன். பத்து நிமிட வேலை. கீழே வந்து டீ குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்த அம்மா ஈரத்துணியோடு விழுந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

வாத்தியாருக்கு வைத்த குறி தவறிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. அவர் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் விழக்கூடாது. அவர் நல்லபடியாக, நெடுநாள் இருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாத கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் செய்தேன்.

வாத்தியார் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பொய் இல்லை. பதிவு அலுவலக வாசலில் புருஷனும் பெண்டாட்டியுமாக என்னை நிறுத்தினார்கள். "அக்கா மாடியிலயே இருக்கட்டும்ண்ணே, எத்தன நாளானாலும். நாங்க கீழ இருந்துக்கறோம்" என்றார் அந்த அம்மா. வாத்தியாரும் தலையாட்டினார். அவர்கள் தயவில் நான் குடியிருப்பதா? முடியாது என்றேன்.

வீட்டில் வந்து என் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சரி என்றிருப்பாள்.